ஒற்றைக் கடுக்கன்

ரத்தம் உறைவதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால் போதும், கேட்டவர்கள் உடனே மாரடைப்பு, கொழுப்பு, எண்ணெய்ப் பலகாரம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். அது உறையக் கூடாத இடத்தில் உறைவது. நான் பார்ப்பது, உறைய வேண்டிய நேரத்தில் உறையாமல் போவது. ஹீமோஃபிலியா என்று பெயர். அடிபட்ட இடத்தில் ரத்தம் கட்டி நிற்பதற்கு நம் உடம்பில் பல புரதங்கள் வரிசையாக வேலை செய்ய வேண்டும். அவற்றில் ஒன்று பிறவியிலேயே குறைந்து போனால் ரத்தம் நிற்காது. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வரும். அம்மா வழியாக வரும். அந்த அம்மாவுக்கே பல சமயம் விஷயம் தெரிந்திருக்காது. இதை எத்தனையோ தாய்மார்களிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லி முடித்ததும் "பயப்படாதீங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வேன். இப்போதெல்லாம் அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொல்வதில்லை.

எங்கள் ஆய்வுக்கூடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நெடுஞ்சாலையோரம் ஒரு மருத்துவக் கல்லூரிக்குள் இருக்கிறது. குறைந்த புரதத்தை மருந்தாக ஏற்றினால் சில குழந்தைகளின் உடம்பு அதை எதிரியாக நினைத்து அழித்துவிடுகிறது. ஏன் என்பதுதான் என் ஆராய்ச்சி. வருடக்கணக்காகப் பிறர் வீட்டுப் பிள்ளைகளின் ரத்தத்தை வைத்துக்கொண்டு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். ஆனால் எனக்கு ஊசி என்றால் நடுக்கம். சிரிக்க வேண்டாம். அடுத்தவர் கையில் குத்துவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பேன், என் கை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பிரசவத்தின்போது ஊசி போட வந்த நர்ஸ், "ரத்த டாக்டரா நீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியின் ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்க, ஒப்பிடுவதற்கு நல்ல ரத்தம் ஒன்று பக்கத்தில் வேண்டும். அதற்கு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவர்களே கையை நீட்டிவிடுவோம். எல்லார் ரத்தத்திலிருந்தும் தெளிந்த பிளாஸ்மாவைப் பிரித்து, ஒன்றாகக் கலந்து, சின்னச் சின்னக் குப்பிகளில் ஃப்ரீசரில் போட்டு வைப்போம். கலவை என்று சொல்வோம். ஒவ்வொரு முறையும் கலவை தீர்ந்து புதிதாகச் செய்யும்போது எனக்கு மட்டும் ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடும். சளி, மாத்திரை, மாதவிலக்கு, கர்ப்பம், பால் கொடுக்கிறேன்.

அந்த வாரம் காரணம் எதுவும் எடுபடவில்லை. எங்கள் டெக்னீஷியன் பெண் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறவள், வாயாடி. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"மேடம், இந்த வாட்டி தப்பிக்க முடியாது. ஒரு ஆளு லீவு. நீங்க தந்தே ஆவணும்."

"எனக்கு நரம்பே கிடைக்காதும்மா."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க செவுத்த பாருங்க."

சுவரைப் பார்த்தேன். முடிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் பெருமையாகப் பஞ்சை அழுத்திக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

கலப்பதற்கு முன் ஒவ்வொருவரின் ரத்தத்தையும் தனித்தனியாகச் சோதிப்பார்கள். மதியம் அவள் வந்து மேசை ஓரத்தில் நின்றாள். வழக்கமான துடுக்கு இல்லை.

"மேடம், ஒரு ட்யூப் சரியில்ல. கலவையில சேக்க வேணாம்னு நெனைக்கறேன்."

"யாருது?"

அவள் என்னைப் பார்த்தாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. உறைதல் சோதனைக்கு நீல மூடி போட்ட குழாய். ரத்தம் உறையாமல் இருக்க அதில் கொஞ்சம் மருந்து நீர் முன்னதாகவே இருக்கும். வெளியே ஒரு கோடு. ரத்தம் அந்தக் கோடு வரை வர வேண்டும். கோட்டுக்குக் கீழே நின்றுவிட்டால் ரத்தத்துக்கு மருந்து நீர் அதிகமாகிவிடும், உறைய நேரம் எடுக்கும், நல்ல ரத்தமும் நோய் ரத்தம் மாதிரி தெரியும். புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இது. இதற்காக நான் திட்டாத ஆள் எங்கள் கட்டடத்தில் இல்லை. "கோடு வரைக்கும் நிரப்பினியா இல்லையா?" என்று அவளிடமும் எகிறினேன். அவள் குழாயைக் காட்டினாள். கோட்டில் சரியாக நின்றிருந்தது.

மறுபடி கையை நீட்டினேன். இந்த முறை சுவரைப் பார்க்கத் தோன்றவில்லை. ரத்தம் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது முடிவும் அதேதான். உறைவதற்கான அந்த ஒரு புரதம் எனக்குப் பாதிக்கும் கீழே இருந்தது. அந்தக் குறை எனக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் அப்படிக் குறைந்திருக்கும் பெண், ஹீமோஃபிலியாவைச் சுமந்து பிள்ளைக்குக் கொடுக்கிறவளாக இருக்கலாம். கர்ப்ப காலத்தில் அது தானாக ஏறி நிற்கும், அதனால் பிரசவத்தில் எதுவும் தெரிந்திருக்காது. இதையெல்லாம் வகுப்பில் நானே பாடமாக எடுத்திருக்கிறேன்.

எனக்கு ஒரே மகன். கல்யாணமாகிப் பல வருடங்கள் கழித்துப் பிறந்தவன். அப்போது அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிக்கொண்டிருந்தான்.

நாங்கள் இருப்பது பென்னலூரில் ஒரு வாடகை வீடு. கணவருக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. பகலில் பிள்ளையை வல்லம் வடகாலில் என் அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போவோம். அன்று சாயங்காலம் அங்கே போனதும் அவன் சட்டையைக் கழற்றினேன். அக்குளுக்குக் கீழே, தூக்கும்போது நம் கட்டைவிரல் படுகிற இடத்தில், கருநீலமாக ஒரு தடம். அதை நான் பல நாளாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அவனுக்குக் கன்னத்திலும் உள்ளங்காலிலும் திருஷ்டிக்குக் கண்மை வைப்பாள், மைக்கையோடு தூக்குவாள், அதுதான் ஈஷியிருக்கிறது என்று நினைத்திருந்தேன். அம்மாவிடம் சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

தேங்காயெண்ணெயைத் தொட்டுத் துடைத்தேன். போகவில்லை. மறுபடி துடைத்தேன். அவனுக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும், கெக்கெக்கென்று சிரித்தான்.

"இன்னாடி அப்பிடித் தேய்க்கற? தோலு உரிஞ்சிடப் போவுது" என்றாள் அம்மா.

தடுப்பூசி போட்ட தொடை ஒரு வாரம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிக் கிடந்தது ஞாபகம் வந்தது. சில பிள்ளைகளுக்கு அப்படித்தான் என்று சொல்லி நானே ஐஸ் வைத்தேன். இதே அடையாளங்களை வேறு ஒரு தாய் வந்து சொல்லியிருந்தால் அவள் வாக்கியத்தை முடிப்பதற்குள் எனக்குப் புரிந்திருக்கும்.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு மொட்டையும் காதுகுத்தும். எனக்குப் பிள்ளை பிறக்காமல் இருந்த காலத்தில் அம்மா வைத்த வேண்டுதல். எங்கள் குலதெய்வம் அம்மன் கோயிலில், தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, பிள்ளைக்கு ஒரு வயது ஆவதற்குள் காது குத்திவிடுகிறேன் என்று வேண்டியிருந்தாள். என் தம்பி கடுக்கன் வாங்கி வைத்துவிட்டான். சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. சந்தேகத்தை வைத்துக்கொண்டு அதை நிறுத்தச் சொன்னால் அம்மா ஊரையே கூட்டிவிடுவாள். முதலில் தெரிந்துகொள்வோம், பிறகு சொல்வோம் என்று நினைத்தேன். கணவரிடம் மட்டும் சொன்னேன். அவர் பிள்ளையின் கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் அவனை ஆய்வுக்கூடத்துக்குத் தூக்கிப் போனேன். சின்னக் குழந்தைக்கு ரத்தம் எடுப்பதே கஷ்டம். இந்தச் சந்தேகம் உள்ள குழந்தைக்குக் கழுத்திலோ தொடை இடுக்கிலோ ஊசி வைக்கவே கூடாது, கையில்தான் எடுக்க வேண்டும், எடுத்த இடத்தை விடாமல் அழுத்த வேண்டும். டெக்னீஷியன் எடுத்தாள். நான் பிடித்துக்கொண்டேன். வீறிட்டு அழுது திமிறினான். பாதியிலேயே ரத்தம் வருவது நின்றுவிட்டது.

அந்த ரத்தம் உறைவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தை என்னால் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. எழுந்து போய்விட்டு வந்தேன். இயந்திரம் இன்னும் காத்துக்கொண்டிருந்தது.

"மேடம், ட்யூப் கோட்டுக்குக் கீழதான் இருந்திச்சி" என்றாள் அவள் மெதுவாக. "இத நம்ப முடியாது, இல்ல?"

நம்ப முடியாதுதான். கோட்டுக்குக் கீழே இருந்தால் குழாயைத் தூக்கிப் போடு என்று கத்துகிற நான், அந்த அரைகுறைக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு சாமி கும்பிட்டேன். இது தப்பாக இருக்கட்டும், எங்கள் கைப்பிழையாக மட்டும் இருக்கட்டும் என்று வேண்டினேன். குத்திய இடத்தில் நான் வெகு நேரம் அழுத்தியிருந்தும் அவன் முழங்கையில் ஒரு நீல வட்டம் கிளம்பியிருந்தது.

ஒரு நாள் ஆறவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் டெக்னீஷியன் வேலைக்கு வரும் வழியில் அம்மா வீட்டிலேயே இறங்கினாள். அவன் தூக்கக் கலக்கத்தில் இருந்தான். இன்னொரு கையில் எடுத்தாள். இந்த முறை குழாய் கோட்டைத் தொட்டது.

"எதுக்குடி கொழந்தைய போட்டு குத்திகினே கீறீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"ஆராய்ச்சிக்கும்மா."

"உன் ஆராய்ச்சிக்கு என் பேரன்தான் கெடச்சானா?"

குத்திய இடத்தை அழுத்திக் கட்டிவிட்டு, குழாயோடு கிளம்பினோம்.

ஆய்வுக்கூடத்துக்குள் போனைக் கொண்டுபோவதில்லை, வெளியே பையில்தான் இருக்கும். இந்த முறை நான் எழுந்து போகவில்லை. இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். உறைதல் நேரம் நீண்டுகொண்டே போனது. அடுத்து அந்தப் புரதத்தை மட்டும் தனியாக அளந்தோம். இல்லை. குறைவு என்றுகூடச் சொல்ல முடியாது, அநேகமாக இல்லவே இல்லை. கடுமையான வகை. டெக்னீஷியன் என் தோளில் கை வைத்து, "மேடம், பயப்படாதீங்க" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

கணவருக்குச் சொல்லலாம் என்று வெளியே வந்து போனை எடுத்தேன். அவர் ஷிஃப்டில் இருக்கும்போது போன் லாக்கரில் இருக்கும் என்பதுகூட அந்த நேரத்தில் நினைவில்லை. திரையில் அம்மாவின் அழைப்புகள் வரிசையாக இருந்தன. கடைசியில் ஒரு குரல் செய்தி.

"ஏண்டி, போன எடுக்க மாட்டியா? உன் தம்பிக்கு ஞாயித்துக்கெழம ஓவர்டைம் வச்சிட்டானுங்களாம், வந்தே ஆவணும்னு சூப்பர்வைசர் சொல்லிட்டானாம். மாமன் மடி இல்லாம எப்பிடி குத்தறது? இப்பத்தான் நைட் ஷிஃப்ட் முடிச்சினு வந்துகிறான். இன்னிக்கி வெள்ளிக்கெழம, நல்ல நாளு. ராகு காலம் வர்றதுக்குள்ள மொட்டையும் காதும் முடிச்சிடறோம். விருந்து ஞாயித்துக்கெழமயே இருக்கட்டும். நீ வேலய பாத்துகினு மெதுவா வா."

வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு. மணியைப் பார்த்தேன். பத்து ஆகியிருந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. தம்பியைக் கூப்பிட்டேன், அடித்து அடித்து ஓய்ந்தது. டெக்னீஷியனிடம், "நம்ம வார்டுல சொல்லி மருந்த ரெடி பண்ணச் சொல்லு, நான் அவன தூக்கிட்டு வரேன்" என்று கத்திவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

அந்தச் சாலையில் போகாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரிகள். புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய டிரெய்லர்கள் திரும்ப வேண்டும் என்றால் சாலை மொத்தமும் நின்று வழிவிட வேண்டும். நான் இடுக்கில் நுழைந்தேன், திட்டு வாங்கினேன், திட்டினேன். தெரியாதவர்களுக்கு ஒரு பயம்தான். எனக்கோ வார்டில் பார்த்ததெல்லாம் கண் முன்னால் வந்தது. பல் விழுந்ததற்கு வாய் நிறையத் துணியை அடைத்துக்கொண்டு வந்த பிள்ளை, முட்டியில் ரத்தம் இறங்கி மடக்க முடியாமல் போன பிள்ளை, கட்டிலிலிருந்து விழுந்து தலைக்குள் ரத்தம் கசிந்த பிள்ளை. காது மடலில் பெரிய நரம்பு எதுவும் இல்லை என்று அறிவு சொல்லிக்கொண்டே இருந்தது. மொட்டையடிக்கிற கத்தி ஞாபகம் வந்ததும் அந்த அறிவும் போய்விட்டது.

எங்கள் குலதெய்வம் கோயில் முன்பு வயல் நடுவில் இருந்தது. வயலெல்லாம் தொழிற்பேட்டைக்குப் போய், இப்போது இரண்டு தொழிற்சாலைகளின் மதில்களுக்கு நடுவே தகரக் கூரையோடு நிற்கிறது. தெரு முனையிலேயே ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு காதைப் பிளந்தது. போன் ஏன் கேட்கவில்லை என்று புரிந்தது.

தம்பி கம்பெனி டி-ஷர்ட்டோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் என் பிள்ளை. தலை முழுக்கச் சந்தனம். வலது காதில் கடுக்கன் மின்னியது. ஆசாரி இடது காது மடலை இரண்டு விரலால் பிடித்து மஞ்சள் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க! குத்தாதீங்க!"

"தோ, ஒரு செகண்டுமா" என்றார் அவர். "ஒத்தக் காதோட நிறுத்தக் கூடாது."

"சாமி முன்னாடி இன்னாடி சத்தம்?" என்று அம்மா எழுந்தாள்.

தம்பி என் முகத்தைப் பார்த்தான். பிள்ளையின் இடது காதைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டான்.

"வேணாங்க, அக்கா சொல்லுது இல்ல" என்றான் ஆசாரியிடம். அந்தக் கைக்கு நான் எந்த ஜென்மத்தில் நன்றி சொல்வேன் என்று தெரியவில்லை.

மண்டியிட்டு வலது காதைப் பார்த்தேன். மடலில் காய்ந்த ஒரு சொட்டு. அவ்வளவுதான். சேலைத் தலைப்பால் தலைச் சந்தனத்தைத் துடைத்துப் பார்த்தேன், கத்தி எங்கும் படவில்லை.

"ரத்தம் நின்னுடுச்சி பாரு" என்றாள் அம்மா. "துளிதான் வந்திச்சி. அதுக்கு இப்பிடி கத்துவியா?"

நின்றதுதான் என் பயம். இந்த நோயில் அப்படித்தான் ஏமாற்றும். காயத்தை முதலில் அடைப்பது ரத்தத்தில் இருக்கும் வேறு அணுக்கள், அவை இவனுக்கு நன்றாகவே இருக்கின்றன. அவை போய்ச் செங்கல் மாதிரி அடுக்கி நிற்கும். அதன் மேல் பூச வேண்டிய சிமென்ட்தான் இவனிடம் கிடையாது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சுவர் சரியும். மடலை விரலுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டே, "அம்மா, இவனுக்கு ரத்தம் ஒறையாத வியாதி. ஆஸ்பத்திரிக்குப் போவணும். இப்பவே" என்றேன். அம்மாவின் முகத்தில் கோபம் அப்படியே நின்று, பிறகு ஏதோ வடிந்தது. அவள் செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் வந்தாள்.

தொழிற்பேட்டை வாசலில் ஷிஃப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஷேர் ஆட்டோ கிளம்பிக்கொண்டிருந்தது. தம்பி குறுக்கே போய் நின்று, "கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லண்ணா" என்றான். உள்ளே இருந்தவர்கள் ஒருவரும் கேள்வி கேட்காமல் இறங்கிக்கொண்டார்கள்.

தம்பி பிள்ளையின் கைகளைப் பிடித்துக்கொண்டான். நான் காதைப் பிடித்திருந்தேன். சந்திப்பில் வண்டிகள் நின்றுவிட்டன. ஒரு டிரெய்லர் திரும்பிக்கொண்டிருந்தது, திரும்பிக்கொண்டே இருந்தது. பிள்ளை அழுது அழுது தூங்கிப் போனான். அழுத்தும்போது விரலை எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள், கட்டியதையும் நீங்களே பிய்த்துவிடுவீர்கள் என்று எல்லாத் தாய்மாருக்கும் நான் சொல்வேன். எனக்குத் தாங்கவில்லை. எடுத்துப் பார்த்தேன். கடுக்கனைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம் ஊறி, திரண்டு, கழுத்தில் இறங்கியது. துடைத்தேன், மறுபடி இறங்கியது. அவசரமில்லாமல், குழாய் சொட்டுகிற மாதிரி வந்துகொண்டிருந்தது.

"அக்கா, உன் கை ஆடுது. நான் புடிக்கறேன்" என்றான் தம்பி. என் விரல்களின் மேல் அவன் விரல்களை வைத்து அழுத்தினான். டிரெய்லர் திரும்பி முடிக்கும் வரை நான் மூச்சு விட்டேனா என்று தெரியவில்லை.

வாசலிலேயே டெக்னீஷியன் நின்றிருந்தாள். மருந்து கரைத்துத் தயாராக இருந்தது. ஏற்கெனவே இரண்டு கையும் குத்தி நீலமாகக் கிடந்ததால் புறங்கையில் நரம்பு தேடினார்கள். நான் முகத்தைத் திருப்பவில்லை. பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை ஏற்றிப் பார்த்த அதே மருந்து, ஒரு சின்ன ஊசிக் குழாயில், மெதுவாக உள்ளே போனது. பிறகு காத்திருந்தோம். மருத்துவர் வந்து, "இப்ப விரல எடுங்க" என்று சொன்ன பிறகும் எனக்கு எடுக்க மனம் வரவில்லை. அவரே என் விரல்களைப் பிரித்தார். பஞ்சில் ஈரம் இல்லை. கடுக்கனை இப்போது கழற்றினால் புண் திரும்பத் திறக்கும், ஆறும் வரை இருக்கட்டும் என்றார்.

வெளியே பெஞ்சில் அம்மா புழுதிக் காலோடு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் கத்த வேண்டும் என்று வரும் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்ததும் அவளே பேசினாள்.

"எனக்கு ஒரு அண்ணன் இருந்தான்டி."

நான் கேள்விப்பட்டதே இல்லை.

"நான் சின்னப் புள்ள. அவனுக்குப் பால் பல்லு வுழுந்திச்சி. எல்லாருக்கும் வுழுவறதுதான? ரத்தம் நிக்கல. மஞ்சள வச்சாங்க, துணிய வச்சாங்க. நிக்கும், தூங்குவான், காத்தால பாத்தா தலகாணி பூரா ரத்தமா இருக்கும். அப்பிடியே வெளுத்துப் போயி செத்துட்டான். அவனுக்குக் காது குத்தறேன்னு வேண்டிகினு குத்தாம வுட்டுட்டாங்களாம், அதான் அம்மனுக்கு கோவம்னு எங்கம்மா சொல்லி சொல்லி அழுவாங்க. அவன் பேர வூட்ல எடுக்கவே கூடாது." மூக்கைச் சிந்தினாள். "உனக்குப் புள்ள பொறந்தா, அவனுக்கு அது மாதிரி ஆவக் கூடாதுன்னுதான்டி நான் வேண்டிகினேன். ஒரு வயசு முடியறதுக்குள்ள குத்திடணும்னு பயந்துகினே இருந்தேன். தம்பிக்கு ஞாயித்துக்கெழம வர முடியாதுன்னதும் எனக்குக் கை காலு ஓடல."

கத்த வைத்திருந்ததெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அம்மாவுக்கும் எனக்கும் அந்த வாரம் முழுக்க ஒரே பயம்தான். அவள் சொல்லாமல் கோயிலுக்கு ஓடினாள், நான் சொல்லாமல் ஆய்வுக்கூடத்துக்கு ஓடினேன். தன் அண்ணன் பல் விழுந்து செத்ததை அவளோ, ரத்தத்தில் பார்த்ததை நானோ, ஒரு வார்த்தை பேசியிருந்தால் அந்தக் காதில் ஊசி ஏறியிருக்காது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதேன். அந்தப் பக்கமாகப் போன என் மாணவர்கள் பார்க்காத மாதிரி போனார்கள்.

இரண்டாவது கடுக்கனை அம்மா கோயிலுக்குக் கொண்டுபோய் அம்மனின் சூலத்தில் கட்டிவிட்டு வந்தாள். "மீதிய அவளே போட்டுக்கட்டும்" என்றாள். என் மகனுக்கு வலது காதில் மட்டும் கடுக்கன். ஃபேஷனா என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.

இப்போது அவனுக்குப் பேச்சு வந்துவிட்டது. மருந்தை வீட்டிலேயே ஏற்றுகிறோம். குத்துவது நான்தான். முதல் நாள் கை உதறியது, இன்றும் உள்ளுக்குள் உதறத்தான் செய்கிறது, வெளியே தெரிவதில்லை. மேசை முனைகளில் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கிறோம். அவன் ஓடினால் எனக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கும். விழுந்து எழுந்து சிரித்தால் அந்தச் சிரிப்பை நம்பாமல் அன்று முழுக்க முட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். ஊசியை எடுத்ததும் பஞ்சை வைத்து, "அமுக்கு, எடுத்துப் பாக்காத" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறேன். தன் கட்டைவிரலால் தானே அமுக்கிக்கொள்வான்.

போன வாரம் ஒரு நாள் காலை, சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கும்போது கத்தி என் விரலில் பட்டுவிட்டது. கொஞ்சம் ஆழம். அவன் கீழே பாத்திரத்தை வைத்து விளையாடிக்கொண்டிருந்தவன், தரையில் விழுந்த சொட்டைப் பார்த்தான். முகம் அப்படியே வெளிறிவிட்டது. ஓடி வந்து என் கையை இழுத்து, இரண்டு கையாலும் அந்த விரலைப் பிடித்து, பலமெல்லாம் கொடுத்து அமுக்கினான். உதடு துடித்தது. அந்த வயதுப் பிள்ளையின் முகத்தில் இருக்கக் கூடாத பயம் அது. அது யாருடைய பயம் என்று எனக்குத் தெரியும்.

"ஒண்ணுமில்லடா கண்ணு, சின்னக் காயம்தான். அம்மாவுக்கு நின்னுடும். கைய எடு, பாக்கலாம்."

அவன் தலையை ஆட்டினான். பிடியை இன்னும் இறுக்கினான்.

"எடுத்துப் பாக்காத" என்றான்.

அடுப்பை ஒரு கையால் அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அவனாக விடும் வரை நான் எடுத்துப் பார்க்கவில்லை.